ஒன்பதாவது கேள்வி

கடந்த பதினான்கு நாட்களில்
எங்கே போயிருந்தீர்கள்?

எங்கேயும் போகல சார், என்கிறாள் கோசலை.
தலைக்கு மேல் தண்ணீர்ப் பை சொட்டுகிறது.
விரல்களில் தேயிலைக் கறை,
முழங்கைக்கு உள்பக்கம் சிவப்புப் புள்ளிகள்.

நல்லா யோசிங்க.
தாப்பா? ஈப்போ? கல்யாணம், காதுகுத்து,
பல் பிடுங்க, பேங்குக்கு?

யோசிக்கிறாள்.
தீபாவளிக்குத் துணி எடுக்க ஒருதடவை இறங்கியிருக்கிறாள்.
இது ஏப்ரல்.

பதினேழு வருடமாக நிரப்புகிறேன் இந்தப் பாரத்தை.
உலு செம்பாக்காவில் டிங்கி என்றால்
யாரோ கீழே போய் வாங்கி வந்தது,
மீன் வாங்கி வருவதுபோல.
'வெளியிலிருந்து வந்தது' கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டு
ரொட்டி சானாய் தின்னப் போய்விடுவேன்.

குளிர் காவல் காக்கிற ஊர் என்று பேர்.
ஆ ஹோக் கடையில் கொசுவத்தி வைப்பதே இல்லை.
கேட்கிற ஆள் கீழேயிருந்து வந்தவன் என்று
கேட்டதுமே தெரிந்துவிடும்.
லயத்து வீடுகளுக்குக் கூரை போட்டவர்கள்
காற்றாடிக்கு ஒரு கொக்கிகூட விடவில்லை.

போன வருடம் ஹார்ட்வேர் கடை வாசலில்
மேசைக் காற்றாடிகள் வரிசையாக நின்றன.
நானும் ஒன்று வாங்கினேன்.
அது எதற்கு அறிகுறி என்று
யோசிக்க விடவில்லை
அதன் காற்று.

பகல் பதினொன்றுக்கு ரோஸ்லியும் நானும் லயத்துக்குப் போனோம்.
டிரம்முக்கு மூடி இருந்தது.
பூந்தொட்டித் தட்டுகளில் மணல்.
ஐஸ்பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன்,
காய்ந்து கிடந்தது.
கம்பவுண்டு போட வழியே இல்லாத வீடு.

பக்கத்துக் கதவைத் திறந்தான் தில் பகதூர்,
நட்டுச்சி வெயிலில் சுவெட்டரும் கம்பளித் தொப்பியுமாக.
குளிரா, காய்ச்சலா?
இரண்டும் என்றான் மலாயில்.
நேப்பாளத்தில் அவன் வீடு இதைவிட உயரமாம்.
அங்கேயும் இப்போ வந்திருச்சு, என்றான்,
தூரத்துச் சொந்தம் வந்திறங்கியதைச் சொல்வதுபோல.

நின்று மலையைப் பார்த்தேன்.
என் அப்பா வேலைக்குப் போன காலத்தில்
மேல் ஒத்தையடிப் பாதையில் புலித்தடம் இருக்குமாம்.
புலி போய்விட்டது.
அதன் வரிகளைக் காலில் போட்டுக்கொண்டு
இது ஏறி வந்திருக்கிறது.

திரும்பும்போதுதான் பார்த்தேன்.
கோசலை வீட்டுப் பின்சுவரில், ஆணியில்,
இடுப்புப் படுதா.
கொழுந்து எடுக்கப் போகும்போது
பனி நனைக்காமல் அவள் சுற்றிக்கொள்ளும் ரப்பர்த் துண்டு.
காய்ச்சல் கண்ட நாளிலிருந்து தொங்குகிறது,
எட்டு நாள்.
கீழ் மடிப்பில் இரண்டு விரல்கடை மழை.

உறிஞ்சு குழாயில் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஏழு. இல்லை, ஒன்பது.
நிமிர்ந்து மடங்கி, நிமிர்ந்து மடங்கி
பிரட்டுக்கு நிற்கப் பழகுகின்றன.

ரோஸ்லி எதுவும் பேசவில்லை.
புகை மிஷினை எடுக்க வண்டிக்குப் போனான்.
அதை ஸ்டார்ட் பண்ண
நாலு தடவை கயிறு இழுக்க வேண்டியிருந்தது,
அவ்வளவு நாளாகிவிட்டது.

வண்டிக்குள் உட்கார்ந்து பாரத்தை முடித்தேன்.
'இங்கேயே தொற்றியது.'
அந்தக் கட்டத்தில் இதுவரை என் பேனா பட்டதில்லை.
முதல் தடவை மை வரவில்லை.
அழுத்தினேன், தாள் கிழிந்தது.

கிழிசலோடு கொண்டுபோய்க் காட்டியிருந்தால்
என்ன சொல்லியிருப்பாளோ.
நான்தான் முதல்லயே சொன்னேனே சார், என்றா?
அவளைச் சந்தேகப்பட்ட பதினேழு வருடத்துக் கேள்வி அது.
மன்னிப்புக் கேட்கப் பாரத்தில் இடமில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில்
ஆ ஹோக் கடையில் வண்டியை நிறுத்தினேன்.
கொசுவத்தி இருக்கா?

கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கினார்.
இருபது வருடமாக எனக்குக் கடன் கொடுக்கிறவர்,
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஏன், கீழே எங்கே போயிருந்தே?