ஆயிரத்துத் தொள்ளாயிரம் நானோமீட்டர்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
சாய்ந்த சம்பாக் கதிரை அள்ளத் தாழ்த்தியபோது
அறுவடை வண்டியின் கத்தி உடைந்தது.
கல்லு, என்றான் ஆத்தூரிலிருந்து
வண்டியோடு வந்த செங்கோடன்.
வயல்காரர் தைரியநாதன் ஒப்பவில்லை:
"இது வண்டல் பூமிப்பா. முப்பதடி தோண்டு.
கல்லுன்னு ஒண்ணு வந்தா கத்திக்கு நான் பணம் தர்றேன்."

தர வேண்டியதாயிற்று.

யூரியா சாக்கில் சுற்றி
திருவாரூருக்கு, என் இருட்டறைக்கு வந்தது.
கரிந்த தோல். பெயர்ந்த இடத்தில் சாம்பல் நிறம்.
அளவுக்கு மீறிய கனம்.

ஒரு ஓரத்தை உடைத்துப் பொடித்துச் சலித்தேன்.
விளக்கைச் சாய்த்து
முதலில் வெள்ளைத் தட்டின்மீது:
போன ஒளி அநேகமாய் எல்லாம் திரும்பியது.
பிறகு பொடியின்மீது.

ஆயிரத்தை ஒட்டி ஒரு பள்ளம்; ஆலிவின்.
இரண்டாயிரத்தை ஒட்டி அகலமாய் இன்னொன்று; பைராக்சின்.
வந்த ஒளியை அல்ல
வராமல் போனதைத்தான் வாசிக்கிறோம் நாங்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
வெறும் எண்ணோடு சுற்றும் பாறை ஒன்று,
தொலைநோக்கியில் ஒரு புள்ளி.
அது திருப்பியனுப்பிய வெயிலிலும் இதே பள்ளங்கள்,
சற்றுச் சிவந்து, சற்று ஆழம் குறைந்து.
(காற்றே இல்லாத இடத்திலும்
வெயில் கல்லை மூப்பாக்குகிறது.)
அதன் கோட்டை என் கோட்டின்மேல் வைத்தேன்.
ஏறக்குறைய.
எங்கள் துறையில் அது பெரிய வார்த்தை.

ஆனால் இரண்டாம் பள்ளத்தின் சரிவில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில்,
நகக்கீறல் போல் ஒரு வெட்டு.
தண்ணீர்.

கூத்தாநல்லூருக்குக் கடைசிப் பேருந்தை
அன்று தவறவிட்டேன்.
நானூற்றைம்பது கோடி வருடத்துத் தண்ணீரா?
உம்மா நாலுமுறை போன் செய்தார்.

காலையில் தைரியநாதனைக் கேட்டேன்.
"ஐப்பசில ஒரு ராத்திரி தொம்முனு கேட்டுச்சு.
அடமழை. யாரு போயிப் பாத்தா?"

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை.
சேற்றில் பாதி புதைந்து ஊறிக் கிடந்திருக்கிறது.

நூற்றைந்து டிகிரி அடுப்பில் இரண்டு நாள்.
வெட்டு மறைந்தது.
மூடாமல் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தேன்,
பாதி திரும்பியிருந்தது.
இந்த ஊர்க் காற்று அப்படி.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மாசு. பூமியைச் சேர்ந்தது.
எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமும் சொன்னேன்,
உங்கள் வயல் தண்ணீர் கல்லுக்குள் ஏறியிருக்கிறது என்று.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கடைமடைக்கு இந்த வருஷம்
ஆத்துத் தண்ணி வந்ததே எட்டு நாளு.
அதுலயும் இதுக்கு ஒரு பங்கா?"