சிவப்புப் பொட்டு

டாண்டினாங் நகரசபை மண்டபத்தில்
ஆகஸ்ட் குளிரில் இரண்டு நாள்.
ஆளுக்கு ஒன்றரை மீட்டர் சுவர்.
ஆணி அடிக்கக் கூடாது,
தூண்டில் நரம்பில்தான் தொங்க வேண்டும்.
விற்றால் நூற்றுக்கு இருபது மண்டபத்துக்கு,
விற்காவிட்டால் நன்றி என்றொரு மின்னஞ்சல்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
உங்கள் கலையைப் பற்றி ஐம்பது சொற்கள்.
நான் எழுதியது ஒரே வரி.
செவ்வாய் இரவுகளில் எங்கள் தெரு வெளியே வைக்கும்
குப்பைத் தொட்டிகளை வரைகிறேன்.

பச்சை மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி.
மழையில் பேருந்துக்கு நிற்பவர்கள் போல.
ஒன்று மட்டும் காற்றில் சரிந்து
வாய் பிளந்து கிடக்கும்.

பகலில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
குழாய் குழாயாக லேபிள் ஒட்டுவேன்.
பெயர், பிறந்த திகதி, எடுத்த நேரம்.
ஒட்டிவிட்டால் அது இன்னாருடைய இரத்தம்,
ஒட்டாவிட்டால் வெறும் சிவப்பு.

படத்துக்கு ஒட்டத்தான் கை வரவில்லை.
சட்டம் அறுபது, பெயின்ட் நாற்பது,
ஜன்னலில் நின்ற இரவுகளை
எந்தக் கணக்கில் எழுத?
நூற்றெண்பது என்று போட்டு
ஒன்றை அடித்து எண்பதாக்கி
வெட்கமாகி
மறுபடி ஒன்றைப் போட்டேன்.
"பலசரக்குக் கடையே நடத்துறீர்?"
வேனில் ஏற்றியபடி நகுலேஸ் கேட்டார்.

சனிக்கிழமை முழுக்கச் சனம்.
இடப்பக்கம் ஸர்மினாவின் மண் கோப்பைகள்,
வலப்பக்கம் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவரின் கடல்கள்.
கோப்பை விற்றது. கடல் விற்றது.
பெண் பார்க்க வந்தவள் போலத் தலை சாய்த்து
என் முன்னால் வெகுநேரம் நின்ற அம்மா
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.
இன்னொருவர் அலைபேசியில் தன் சோபாவைக் காட்டினார்.
இதே படம் நீலத்தில் கிடைக்குமா?
எங்கள் தெருவில் நீல மூடி இல்லை என்றேன்.

ஞாயிறு மதியம்
பாதி கடித்த மீன் பணிசோடு திரும்பினால்
பெரிய படத்தின் விலைச்சீட்டில்
சிவப்புப் பொட்டு.

கணக்கு மேசைக்கு ஓடினேன்.
மாரியன் தாளைப் புரட்டினாள்,
கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி புரட்டினாள்.
ஒன்றும் பதியவில்லையே.
அப்போதுதான் கண்டேன்,
மேசைக் காலில் ஒரு பொட்டு,
தீயணைப்புக் கருவியில், சிவப்பின் மேல் சிவப்பாக, ஒரு பொட்டு,
ஸர்மினாவின் நான்கு வயது ஓமித்
மூக்கில் ஒன்றும் முழங்கையில் ஒன்றுமாக
பொட்டுச் சுருளை அணைத்தபடி மேசைக்கடியில்.

எல்லாவற்றையும் உரித்தோம்.
என்னுடையதை உரிக்கப் போனபோது
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:
அடடா, போய்விட்டதா?
நகத்தை மடக்கிக்கொண்டேன்.

முதல் தடவையாக ஒருவர்
சரிந்த தொட்டியைக் குனிந்து பார்க்கிறார்.
அவரைப் பார்த்து இன்னொருத்தி. அவளைப் பார்த்து இருவர்.
எங்கள் தெருவிலும் இப்படித்தான் விழும் என்கிறார்கள்.
காலையிலும் இதே படம், இதே மழை.
நான் பொய் சொல்லவில்லை.
வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நாலு மணிக்குச் சின்னப் படம் ஒன்று போனது,
மஞ்சள் மூடி மட்டும் உள்ளது, தொண்ணூறுக்கு.
பதினெட்டு மண்டபத்துக்கு.
மாரியன் பொட்டை நேராக, நடுவில் ஒட்டினாள்.
ஓமித் ஒட்டியது கோணல்.
சுருள் ஒன்றுதான்.

அவனுக்கொரு டோனட் வாங்கிக் கொடுத்தேன்.
தரகு என்று சொன்னேன்.
சீனியை நக்குவதில் மும்முரமாக இருந்தான்.

பெரிய படம் வேனில் வீடு திரும்புகிறது.
விளக்கில் நிற்கும்போது
நகுலேஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.
"வித்திட்டீர் எண்டால் ஏன் திருப்பிக் கொண்டு போறீர்? ஆர் வாங்கினது?"

பொட்டு வைச்சாச்சு, என்றேன்.
மாப்பிள்ளைதான் இன்னும் வரேல்லை.