ஏழாவது செல்

குற்றியாற்றில் கரண்டு போனால்
யாரும் அதைச் செய்தியாகச் சொல்வதில்லை.
ஒரு மரம் சாயும். கம்பி அறும்.
யானை கம்பத்தில் முதுகு சொறிந்துவிட்டுப் போகும்.
மேலே கோதையாற்றில் தண்ணீர் விழுந்து பிறக்கிற மின்சாரம்
இவர்கள் கூரைக்கு மேலாகவே
வேறெங்கோ நடந்துபோகும்.
மூன்று நாள், சிலநேரம் நாலு.

அந்த நாட்களில் கோபுரம் மூச்சுவிடுவது
என் பேட்டரியில்.

இதற்கு முன் இருந்த பெட்டி எரிந்தது.
பால்வெட்டப் போன எட்வின்தாஸ்தான் முதலில் பார்த்தார்,
நெற்றியில் விளக்கோடு.
புகைப்புரையில் ரப்பர் ஷீட் பற்றிக்கொண்டதென்று ஓடியிருக்கிறார்.
மணம் வேறாக இருந்ததாம்:
இனிப்பு, அதற்கடியில் நாக்கில் ஒரு ஆணி.
தண்ணீர் ஊற்றினார், அணைந்தது.
திரும்பி நடந்தார், மறுபடி எரிந்தது.
தீயணைப்புக்குச் சொல்லச்
செல்போனை எடுத்த பிறகுதான் உறைத்தது
எரிவது எதுவென்று.

ஆறு கிலோமீட்டர் நடந்த பின்
ஒரு கோடு சிக்னல்.

இப்போது வைத்திருப்பது இரும்பு பாஸ்பேட்.
எடை கூடுதல்; கோபம் குறைவு.
ஜீப்பு ஏறாத கடைசி வளைவில்
கம்பு கட்டி நாலு பேர் தோளில் தூக்கினோம்.
சப்பரம் மாதிரி இருக்கு, என்றான் விஜின்.
சாமி பேரென்ன?
நாற்பத்தெட்டு வோல்ட்டு, என்றேன்.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே மைக்கா.
அடுக்குக்கு ஒரு ஃபியூஸ்.
உள்ளே எது கெட்டாலும் புகை வெளியேற
உச்சியில் ஒரு வாய்.
மூலையில் மணல் வாளி,
இயந்திரத்தை நம்பாத என் பங்குக்கு.

கார்த்திகை மழையில் ஒரு இரவு, 2.17.
பதிவில் ஒரே வரி:
இரண்டாம் அடுக்கு, ஏழாவது செல், எழுபத்தொரு டிகிரி.
அடுக்கு தானாக விலகிக்கொண்டது.
மற்ற மூன்றும் பாரத்தைப் பகிர்ந்தன.
அவ்வளவுதான். தீ இல்லை.
எட்வின்தாஸின் விளக்கு
மரத்துக்கு மரம் நகர்ந்திருக்கும்.

அதே நேரம் மோதிரமலையில் ரெஜினாள்
மஸ்கட்டில் ஷிப்ட் முடிந்த மகனோடு பேசிக்கொண்டிருந்தாள்.
மறுவாரம் வழியில் பிடித்து நிறுத்தினாள்.
"என்ன டவரு பிள்ளே வச்சிருக்கிய?
இஞ்ச மழ அடிச்சி ஊத்துது, நீ வல்லதும் தின்னியா மக்களேன்னேன்,
அதெல்லாம் கேட்டுது.
கூரைக்கு ரூவா வேணுமின்னேன்.
அந்தால கட்டாச்சு.
பொறவு எடுக்கவே இல்ல."

அந்த இரவின் எண்கள் முழுதும் என் பையில் இருந்தன.
கோபுரம் ஒரு நொடிகூடச் சாகவில்லை.
அடுக்கு விலகிய கணத்தில்
மின்னழுத்தம் ஒரு முடியளவு இறங்கி ஏறியது,
ஒரு சொல்லைக்கூட அது விழுங்கியிருக்காது.

டவர்தான் அக்கா, என்றேன்.
பேட்டரி பழுது. மாத்தியாச்சு.

வீங்கிய செல் மணலுக்குள்
பின்சீட்டில் உருண்டுகொண்டே வந்தது
குலசேகரம் வரை.