நூற்றெட்டுத் தையல்

ஒமாஹாவில் ஜூன் மாதம்
வெயில் தரையிலிருந்து மேலே ஏறும்.
வேலிக்குப் பின்னால், புல்பென்னில்,
முட்டி மடக்கி உட்கார்ந்திருந்தேன்,
நான்கு வருடமாக உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

கேட்சர் என்று சட்டையில் போட்டிருக்காது.
முப்பத்தெட்டு என்று போட்டிருக்கும்.
ஆடப் போகிறவனின் தோள் சூடாவதற்கு
எதிரே ஒரு கையுறை வேண்டும்,
கையுறைக்குள் ஒரு கை வேண்டும்.
ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது.
ஆனால் ஒன்று:
எங்கள் பிட்சர்களில் எவன் பயந்திருக்கிறான் என்பது
பயிற்சியாளர் ஹேவர்காம்புக்குத் தெரியுமுன்
என் இடது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆட்டம். இன்று ஜெயித்தால் கோப்பை.
ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி,
நாங்கள் ஒரு ரன் மேலே, அவர்களில் ஒருவன் முதல் பேஸில்.
கம்பி வலையில் கண்ணை ஒட்டினால்
ஒசேயின் வியர்த்த முதுகு,
அதற்கப்பால் செம்மண்ணில் கட்டைவிரல் உயர ஆட்கள்.
மேட்டில் ப்ரூயிட். நூற்றுப் பதினோரு பந்து போட்டவன்.
ஒவ்வொன்றுக்கும் பிறகு தொப்பியைத் தொடுகிறான்.
ஓய்ந்துபோனால்தான் தொடுவான்.

சுவரில் தொலைபேசி.
அன்செல்மோ என்னைப் பார்க்கிறான்.
நான் தொலைபேசியைப் பார்க்கிறேன்.
தொலைபேசி யாரையும் பார்க்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம்.
மட்டையின் சத்தமில்லை, அது எங்களுக்குக் கேட்கவே இல்லை;
இருபதாயிரம் பேர் ஒன்றாக
மூச்சை உள்ளே இழுத்த சத்தம்.

'போடு' என்றேன் அன்செல்மோவிடம்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.
சொன்னால் போட்டுப் பழகியவன்,
காலைத் தூக்கினான்.

ஒசே ஓடிவந்து மோதியதில் சுவர் அதிர்ந்தது.
சுவருக்கு மேலே ஒரு கையுறை முளைத்தது,
அகல விரிந்து,
காலியாக.
தரையிறங்கப் போகும் விமானம் ஒன்று
எங்களுக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போயிற்று.
நான் திரும்பவில்லை.
என்னிடம் வரும் பந்தைப் பிடிப்பது தவிர
எனக்கு வேறு வேலை தெரியாது.

பிடித்தேன். தாழ்வாக, வெளி ஓரத்தில்,
கடைசி நொடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்த பந்து.
எவனும் தொட்டிருக்க முடியாது.
மற்றது எனக்குப் பின்னால் புல்லில் விழுந்து
இரண்டு முறை துள்ளி
தண்ணீர் டிரம்மில் முட்டி நின்றது.

அங்கே அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து
குவியலாகிக்கொண்டிருந்தார்கள்.
கேலரியிலிருந்து காற்றடைத்த வண்ணப் பந்து ஒன்று
தப்பி வந்து வேலியில் உரசிக்கொண்டிருந்தது.
அன்செல்மோ உட்கார்ந்து
தான் துப்பிய சூரியகாந்தித் தொலியை
ஷூவால் ஒரு வரிசையாகத் தள்ளினான்.
ப்ரூயிட் இன்னும் தொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்தார்.
மிகவும் மரியாதையானவர்.
'அடித்த பையன் அந்தப் பந்தைக் கேட்கிறான்,
உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்.'

இரண்டு பந்து.
இரண்டிலும் சிவப்பு நூலில் நூற்றெட்டுத் தையல்.
ஒன்றில் மட்டை பட்ட கறுப்புத் தடம்.
ஒன்றில் அன்செல்மோவின் விரல் விட்ட வெள்ளைத் தூள்.
கொடுத்தேன்.

பதினோரு வருடம் கழித்து
அந்தக் கல்லூரியில் ஐஸ் மெஷின் பழுது என்று
எங்கள் கம்பெனிக்கு அழைப்பு வந்தது.
உடற்பயிற்சிக் கூடத்து நடையில் கண்ணாடிப் பெட்டி,
நீல வெல்வெட், மேலே தனி விளக்கு,
கீழே பித்தளையில் அடித்தவன் பெயர்.
உள்ளே
எவனும் அடிக்காத பந்து.
குனிந்து பார்த்தேன். முட்டி சொடுக்கிட்டது.
கம்ப்ரஸரை மாற்றினேன். பில் போட்டேன்.

வண்டியிலிருந்தே அன்செல்மோவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு,
'தாழ்வாகத்தானே வந்தது?' என்றான்.
'முழங்காலுக்குக் கீழே' என்றேன்.

இன்னொன்று என் வீட்டில் இருந்தது.
போன குளிர்காலத்தில் நாய் கடித்துத்
தோலைப் பிரித்துவிட்டது.
உள்ளே வெறும் நூல்தான்.
சோபாவுக்கு அடியில், கூடம் முழுக்க, படிக்கட்டு வரைக்கும்
இழுக்க இழுக்க நூல்.