ஐந்தாவது தாள்

குளிர்பெட்டிக் கதவில் நாலு தாள்கள்.
முதல் தாள் என்னுடையது:
மங்க்டன் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
இரவு ஷிப்டுக்குச் சிவப்பு, பகலுக்கு நீலம்.
எண்ணெய்க்கறை படிந்தது ரெழானுடையது:
பாங்கோரில் இறக்கு, க்யூபெக்கில் ஏற்று,
சனி இரவு பத்துக்கு வீடு,
ஞாயிறு மதியம் மறுபடி லாரி.
ஓடீல் டோனட் கடையில் கல்லாவை எண்ணிப் பூட்டுகிறவள்,
பதினொன்றுக்கு முன்னால் வரமாட்டாள்.
அன்செல்முக்கு ஷிப்ட் கிடையாது. ஒன்பது வயது.
அது அவமானமென்று தானே கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறான்:
திங்கள், பல் தேய்.
செவ்வாய், பல் தேய், ஆமைக்குத் தண்ணீர்.

ஜூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி,
பெர்னாதெத்திடம் இரண்டு கிறிஸ்துமஸ் இரவுகளை ஈடு வைத்து,
நாங்கள் நால்வரும் ஒரே கூரைக்கடியில் இருக்கும்
பதின்மூன்று மணி நேரத்தைக் கண்டுபிடித்தேன்.
பூங்காவுக்கு நுழைவுச்சீட்டும் வாங்கியாயிற்று,
கார்க் கண்ணாடியில் தொங்கவிடும் சீட்டு.

கடலைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஃபண்டி விரிகுடாவுக்கும் ஷிப்ட் உண்டு.
மூன்று மாடி உயரத் தண்ணீரை
ஆறு மணி நேரம் உள்ளே தள்ளும்,
ஆறு மணி நேரம் வெளியே இழுக்கும்,
ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தாமதமாய் வரும்.
அப்படி வந்தால் எங்கள் மேற்பார்வையாளர்
என் சம்பளத்தில் கை வைப்பார்.

நாங்கள் பார்க்கப் போவது கடலை அல்ல.
கடல் எழுந்து போன இடத்தை.
ஆல்மா துறையில் மீன்படகுகள்
சேற்றில் குந்தி உட்கார்ந்திருப்பதை,
பாசி மயிரை வழித்துவிடாத பாறைகளை,
யாரோ தொலைத்த ஒற்றை ரப்பர் கையுறையை.
நேரம் தப்பினால் வெறும் தண்ணீர்.
வெறும் தண்ணீர் எந்த ஊரில் இல்லை?

ஓத அட்டவணையில் விரல் வைத்து இறங்கினேன்.
ஞாயிறு, வற்று நீர்: அதிகாலை நாலு பன்னிரண்டு.
அடுத்தது மாலையில். அப்போது ரெழான்
மேய்ன் எல்லையில் காகிதங்களை நீட்டிக்கொண்டிருப்பான்.

"ரெண்டு மணிக்கு எழுப்பினால் கொலை விழும்,"
ஓடீல் அறைக்குள்ளிருந்து. கதவு திறக்கவில்லை.
"ஆகஸ்டில் போகலாமே," என்றான் ரெழான்,
பின்னால் டீசல் நிரம்பும் சத்தம்.
ஆகஸ்டில் அவள் ஹாலிஃபாக்ஸ் போய்விடுவாள்,
கப்பல் இயந்திரம் படிக்க, மூன்று வருடம்.
அவனுக்கு அது மறக்கவில்லை.
மறந்த மாதிரி பேசினால் நடக்காது என்று நினைக்கிறான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டீசல் நிரம்பியது. காசு கட்டப் போய்விட்டான்.

இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு
கடலின் தரையைப் பார்ப்பது
தூங்குகிற நோயாளியின் போர்வையை விலக்குவது போல.
தெரிந்த வேலைதான்.
ஆனால் விடுமுறையில் செய்ய மனசில்லை.
பென்சிலால் ஞாயிற்றை அடித்தேன்.

அன்செல்ம் தாளின் அடியில்
மூக்கு தொடுகிற தூரத்தில் இருந்தான்,
கண்ணாடி போடச் சொன்னால் போடுவதில்லை.
"அம்மா, கோடையில் ஒரு மணி கூட்டணுமாம்.
எறும்பு மாதிரி எழுதியிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். எறும்பு மாதிரிதான்.
மார்ச்சில் நாடே கடிகாரத்தைத் தள்ளி வைத்தது,
அந்த ஞாயிறு நான் அரைத் தூக்கத்தில்
ஒரு கிழவருக்கு மருந்து அளந்து கொடுத்தேன்.
கடல் மட்டும் முள்ளைத் தொடவில்லை.
அது பழைய மணியிலேயே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஐந்து பன்னிரண்டு.
ஜூனில் ஐந்து பன்னிரண்டு என்றால்
டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

அடித்ததை ரப்பரால் அழித்தேன், தாள் கொஞ்சம் கிழிந்தது.
ஐந்தாவது தாளை ஆமைக் காந்தத்தில் மாட்டினேன்:
கடல். ஞாயிறு. 5.12. மூன்றரைக்குக் கார் கிளம்பும்.
அன்செல்ம் கீழே சேர்த்தான்: பல் வேண்டாம்.

இரவு சாவி திரும்பும் சத்தம் கேட்டது,
குளிர்பெட்டி முன் ஓடீல் கொஞ்ச நேரம் நின்றாள்.
காலையில் பார்த்தேன்,
கடை ரசீதின் பின்புறம், நீல மையில்:
டோனட் நான் கொண்டுவருகிறேன்.
மிச்சம் விழுவது பன்னிரண்டு இருக்கும்.
முன் சீட் எனக்கு.