பதினோரு விநாடி

புதுவயலில் அன்று
அரிசி ஆலைகளை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள்.
நெல் அவித்த வாடை மட்டும் நிற்கவில்லை.
அதற்கு யார் உத்தரவு போடுவது?

மைக்செட் என்னுடையது.
வேப்பமரத்தில் இரண்டு குழாய்,
பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஒன்று.
தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தவர் சொன்னார்:
"பதிவும் பண்ணிருங்க, ரெக்கார்டுக்கு வேணும்."
காதுகுத்துக்கு வாங்கிய கேசட்டில்
பின்பக்கம் காலியாக இருந்தது.

பெட்டி வந்தது.
பெட்டிமேல் கொடி, கொடிமேல் தொப்பி.
லான்ஸ் நாயக் சேவுகன்.
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு இளையவன்,
ஜெனரேட்டர் வாடகை நாற்பது ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப்
பனிமலைக்குப் போனவன்.

துப்பாக்கிகள் மூன்று முறை வானத்தைப் பார்த்து வெடித்தன.
ஆலைக் கூரைப் புறாக்கள்
மூன்று முறையும் புதிதாகப் பயந்தன.

பிறகு அந்தப் போலீஸ்காரப் பையன் முன்னால் வந்தான்.
பேர்ப்பட்டையில் முதல் எழுத்து உதிர்ந்து
'ருள்ராஜ்' என்று நின்றது.
பியூகிளை உதட்டில் வைத்தான்.
முதல் சுரம் சரி. இரண்டாவதும்.
மூன்றாவது, ஏறவேண்டிய இடத்தில்,
உடைந்தது.

உடைந்தது என்றால்
கைதவறிய கண்ணாடி டம்ளர் மாதிரி இல்லை.
ஏதோ கேட்க வந்து
வாசலிலேயே மறந்துபோனவன் மாதிரி.
குழாய்கள் மூன்றும் அதை
கண்மாய்க்கரை வரைக்கும் சொல்லின.

குழலை இறக்கினான்.
சல்யூட்டில் நின்ற கைகள் இறங்கவில்லை.
எஸ்.பி. கை, என்.சி.சி. பிள்ளைகள் கை,
ஆலை வாட்ச்மேன் காசிலிங்கம்
யாரும் கேட்காமல் தூக்கிய இடதுகை.
பதினோரு விநாடி.
மைக்கில் அவன் மூச்சு மட்டும்.
உள்ளே போனது. வெளியே வந்தது.
எங்கோ ஒரு குழந்தை,
"முடிஞ்சிருச்சா?"

பிறகு முதலிலிருந்து தொடங்கினான்.
இந்த முறை ஒரு சுரமும் பிசகவில்லை.
அப்படி ஒரு வாசிப்பை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை,
எத்தனையோ கச்சேரிக்குக் குழாய் கட்டியும்.
கடைசிச் சுரம் அடங்கியபோது
என் கை வால்யூம் திருகிலேயே இருந்தது.
ஏற்றவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் ஆபீஸில் சொன்னார்கள்:
"முதல் தடவை வாசிச்சது வேண்டாம்,
பையன் வேலைக்கு வம்பு.
சுத்தமா ஒரு காப்பி குடுங்க."
கொடுத்தேன்.
மூலக் கேசட்டின் மேல்
கோட்டையூரில் ஒரு சடங்கு வீட்டு
மொய் அறிவிப்பைப் பதிந்தேன்.
கேசட் அப்போது நல்ல விலை.

இரண்டு வருஷம் கழித்து
சேவுகன் மனைவி மீனாள் கடைக்கு வந்தாள்.
கையில் ஆபீஸ் கொடுத்த காப்பி.
"இதுல நல்லா வாசிச்சது மட்டுந்தாண்ணே இருக்கு.
அதுக்கு முந்தி ஒண்ணு இருந்துச்சே,
பாதியில நின்னுச்சே.
அந்த இடத்துலதான் எனக்கு அழுகை வந்துச்சு.
அது வேணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
பத்து நாள் கழித்து வந்தாள்.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
பிறகு வரவில்லை.
கடைத்தெருவில் எதிரே வந்தால்
அவள்தான் முதலில் தலை குனிகிறாள்,
நான் குனியவேண்டிய தலை.

அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது.
பெரியப்பா முறை ஐம்பத்தொன்று,
தாய்மாமன் ஆயிரத்து ஒன்று,
ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து இருநூற்று ஒன்று.
அதற்கப்புறம் அறிவிப்பவர் கொஞ்சம் நிறுத்துகிறார்.
மூச்சு எடுக்கிறார்.
அந்த இடத்தை மட்டும் வெட்டி
மீனாளிடம் கொடுத்துவிடலாமா என்று
ஒரு ராத்திரி உட்கார்ந்து
பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

நாலு விநாடிகூடத் தேறவில்லை.
அதற்குள்
நோட்டுப் பக்கம் புரட்டும் சத்தம்
வந்துவிடுகிறது.