கேரண்டி

எர்ணாவூரில் கடல் முதலில் தின்பது
ஆணிகளை.
அப்புறம் தகரம்.
மனுஷரிடம் வர கொஞ்சம் நாளாகும்.

பதினோரு வருஷத்துப் பின்கட்டு வேலி:
ஏழு சவுக்குக் கழிகள்,
நான்கு அடியில் மக்கிவிட்டவை.
தகரம் கிழிந்த இடத்தில்
தேர்தல் முடிந்து கழற்றிப் போட்ட ஃபிளெக்ஸ்.
முகம் வெயிலில் வெளுத்துப்போக
கும்பிட்ட கைகள் மட்டும்
என் முருங்கையை வணங்கிக்கொண்டிருந்தன.

எத்திராஜ் மீஞ்சூரிலிருந்து
குட்டியானையில் ஏற்றி வந்தான்
கான்கிரீட் தூண்களையும் பலகைகளையும்.
"தூணுல காடி இருக்கு சார்,
பலகைய சொருகிக்கினே போவ வேண்டியதுதான்.
உப்புக்காத்து நக்கிப் பாத்துட்டுப் பூடும்.
இருபத்தஞ்சு வருசம் கேரண்டி."
இருபத்தைந்தை என் ஐம்பத்தெட்டோடு கூட்டிப் பார்த்து
சரி என்றேன்.

பழசைப் பிரிக்கும் முன்
ரெஜினாவின் கொடிக்கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது.
ஒரு முனை அவள் ஜன்னல் கம்பியில்,
மறுமுனை எங்கள் நடுக்கழியில்.
ஆறு வருஷமாக
எங்களுக்குள் பேச்சில்லாமல் போனது இதனால்தான்.
ஈரப் போர்வை கனத்து கனத்து
வேலி உங்க பக்கம் சாயுது என்று
நான்கு முறை சொன்னேன்.
ஒரு முறை கத்தினேன்.

முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது.
எத்திராஜ் அரிவாளை வைத்தான்.

கடல் அவள் பக்கம். காற்றும்.
நீல நைலான் விண்ணென்று அறுந்ததும்
மொத்த வேலியும்
அவசரமே இல்லாமல்
என்னை நோக்கி வந்து படுத்துக்கொண்டது.
கும்பிட்ட கைகள் குப்புற.

"கயிறுதான் சார் இத்தினி நாளு
இத்த நிக்க வெச்சிருக்கு"
என்றான், எடைக்குப் போடத் தகரத்தை எண்ணியபடி.

எதிரே ரெஜினா,
இடுப்பில் வாளி.
அவளுக்கும் இது செய்திதான் போலிருந்தது.

பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பியது.
தட்டினேன். உதைத்தேன். கால்தான் வலித்தது.

அவங்க பக்கமா ஒரு கொக்கி போடணும் என்றேன்.

"தூணுல ஓட்ட போட்டா
கேரண்டி பூடும் சார்."

எவ்வளவு போகும்?

"அல்லாமே."

போடு.

மறுநாள் காலை
சுவருக்கு அப்பால் போர்வை சொட்டும் சத்தம்.
வெளியே போய்
தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நூல்கூடச் சாயவில்லை.
கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.